‘அரச விக்டோரிய ஆணை’ என்று எழுதாதீர்கள்

பிரிட்டிஷ் அரசர் யாருக்கேனும் சிறப்புச் செய்தால் தமிழில் அது உடனே ‘ஆணை’ ஆகிவிடுகிறது. ‘பிரித்தானியப் பேரரசின் ஆணை’, ‘தகுதி ஆணை’, ‘அரச விக்டோரிய ஆணை’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுத, இப்போது அதுவே சரியான சொல் என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள். தமிழ் படிக்கிறவருக்கு ஆணை என்றால் அரசாணை, பணி நியமன ஆணை, நீதிமன்ற ஆணை. ‘அவருக்கு விக்டோரிய ஆணை வழங்கப்பட்டது’ என்று படித்தால், அரண்மனை அவருக்கு ஏதோ கட்டளை இட்டிருக்கிறது என்றுதான் நினைப்பார். அப்படி நினைப்பது அவர் குற்றமன்று.

இந்தச் சிறப்புகளின் ஆங்கிலப் பெயரில் வரும் ‘ஆர்டர்’ என்பதற்கு மூலம் லத்தீன் ‘ஓர்டோ’. நிரை, படிநிலை என்பது பொருள். அச்சொல் ஒரே விதிக்குக் கட்டுப்பட்ட துறவியர் கூட்டத்துக்கும், பிறகு சிலுவைப்போர்க் காலத்து வீரர் கூட்டத்துக்கும் பெயராயிற்று. அவற்றைப் பார்த்து மன்னர்களும் தமக்கென்று கூட்டங்களை அமைத்துக்கொண்டார்கள். கட்டளை என்பது அதே சொல்லின் வேறொரு கிளை. அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த வினை இது.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட் 1348-இல் நிறுவிய ‘கார்ட்டர்’ என்ற கூட்டத்தைப் பாருங்கள். அரசரும் பட்டத்து இளவரசரும் நீங்கலாக அதில் 24 பேருக்குத்தான் இடம். வின்ட்சர் கோட்டையின் புனித ஜார்ஜ் ஆலயத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை உண்டு. அதன் மேல் அவருடைய கொடி தொங்கும். அவர் இறந்தால் கொடியை இறக்கிவிட்டு, காலியான இடத்துக்கு வேறொருவரைச் சேர்ப்பார்கள். ஆணையில் எப்படி இடம் காலியாகும்? ஆணைக்குள் ஒருவரை எப்படிச் சேர்ப்பது?

விக்டோரியா அரசி 1896 ஏப்ரல் 21 அன்று நிறுவிய ‘ராயல் விக்டோரியன் ஆர்டர்’ இன்னும் தெளிவான சான்று. அதற்குள் பிரிட்டனில் பட்டங்கள் பெரும்பாலும் அமைச்சர்களின் பரிந்துரைப்படியே கொடுக்கப்பட்டன. தமக்கு நேரடியாக ஊழியம் செய்தவர்களுக்குத் தம் விருப்பப்படி தர அரசிக்கு ஒன்று தேவைப்பட்டது. அதில் ஐந்து நிலைகள். மேலிரண்டில் இருக்கும் ஆண்களுக்கு ‘சர்’, பெண்களுக்கு ‘டேம்’. 1887-இல் இந்தியாவிலிருந்து மேசைப் பணியாளாக வந்து, பின்னர் அரசிக்கு இந்துஸ்தானி கற்பித்து ‘முன்ஷி’யாக உயர்ந்த அப்துல் கரீம், 1899-இல் இதன் மூன்றாம் நிலையான ‘கமாண்டர்’ ஆனார். ‘சர்’ ஆவதற்கு ஒரு படி குறைவு. இதைப் போய் ‘ஆணைத் தளபதி’ என்று மொழிபெயர்த்தால், அந்த மனிதர் எந்தப் படையை நடத்தினார் என்று வாசகர் கேட்கமாட்டாரா?

‘ஆணை’க்கு மாற்றாகச் சிலர் ‘சபை’ என்கிறார்கள். அதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது: தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலமாகத் துறவற சபை என்றே சொல்லி வருகிறார்கள், அங்கே ‘துறவற ஆணை’ என்று ஒருவரும் தடுமாறவில்லை. ஆனால் கூட்டத்தைக் குறிக்கும் அச்சொல் மரியாதையைக் குறிக்காது. ‘சபை பெற்றார்’ என்று சொல்ல முடியுமா?

இரண்டையும் ஒருசேரச் சொல்லும் சொல் நம்மிடமே இருக்கிறது: வரிசை. நிரை என்றும் பொருள், தகுதிக்கேற்பச் செய்யும் சிறப்பு என்றும் பொருள். சீர்வரிசை என்று இன்றும் சொல்கிறோம். கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் ‘வரிசை அறிதலோ அரிதே’ என்றார். கொடுப்பது எளிது, அவரவர் தரமறிந்து கொடுப்பதே கடினம் என்று ஓர் அரசனுக்கே சொன்ன புறநானூற்றுப் பாட்டு அது. படிநிலை வைத்து மன்னர் தரும் சிறப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? ‘விக்டோரிய வரிசையில் சேர்க்கப்பட்டார்’ என்றாலும் சரி, ‘விக்டோரிய வரிசை பெற்றார்’ என்றாலும் சரி, தமிழாகவே ஒலிக்கிறது.

‘சர்’ பட்டம் பெற்றவரைக் குறிக்கும் ‘நைட்’ என்பதை ‘வீரத்திருமகன்’ ஆக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. பழைய ஆங்கிலத்தில் அது சிறுவன், ஏவலாள். அதன் உறவுச்சொல் ஜெர்மனில் இன்றும் வேலைக்காரனையே குறிக்கிறது. ஏவலாள் என்பது போர்வீரன் என்றாகி, அதற்கப்புறம்தான் மரியாதைப் பட்டமாயிற்று. நம் ‘சேவகன்’ என்ற சொல்லுக்கும் ஊழியன், வீரன் என்ற இரு பொருளும் உண்டு. வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனாலும் பட்டத்துக்குப் புதுச்சொல் தேட அவசியமே இல்லை. பொன்னம்பலம் இராமநாதனுக்கும் சி.வி. ராமனுக்கும் கிடைத்ததை நம் முன்னோர் ‘சர் பட்டம்’ என்றார்கள். ராமன் 1929-இல் பெற்றது எந்த வரிசையையும் சேராத தனிப்பட்டம். அதையும் ‘ஆணை’க்குள் தள்ளும் வாழ்க்கைக்குறிப்புகள் மொழியோடு சேர்த்து வரலாற்றையும் குழப்புகின்றன; அவற்றைத் திருத்தும்போது ‘சர் பட்டம்’ என்று மட்டும் எழுதினால் போதும்.