குலைனி தொகுத்தது நபிமொழியா?

"ஷியா அறிஞர் குலைனி 16,000 நபிமொழிகளைத் தொகுத்தார்". இந்த வரிய ஒருத்தர் போட, அத பத்து பேர் காப்பி பண்ண, இப்ப எங்க பாத்தாலும் இதான். எண்ணிக்கையில பெருசா தப்பில்ல, அவரோட அல்-காஃபிங்கற நூல்ல 16,000 சொச்சம்னுதான் எண்ணிருக்காங்க. நபிமொழிங்கறதுதான் இடிக்குது.

ஹதீஸ்ங்கற அரபுச் சொல்லுக்கு புதுசு, பேச்சு, சேதின்னு அர்த்தம். யாரோட பேச்சுன்னு அந்தச் சொல்லுக்குள்ள இல்ல. சுன்னி வழக்குல பெரும்பாலும் நபியோட சொல், செயல்ங்கறதால தமிழ்ல நபிமொழின்னு வச்சாங்க, புகாரிங்கற சுன்னி ஹதீஸ் நூலுக்கு அது நல்லாவே பொருந்தும். ஆனா நபிக்கு அப்புறம் அவர் குடும்பத்துல பன்னிரண்டு பேர இமாம்னு, அதாவது வழிகாட்டும் தலைவர்னு ஏத்துக்கற பன்னிரு இமாம் ஷியாக்களுக்கு இமாம்கள் சொன்னதும் ஹதீஸ்தான். அல்-காஃபில பெரும்பகுதி அஞ்சாவது இமாம் முஹம்மது அல்-பாக்கிர், ஆறாவது இமாம் ஜஃபர் அல்-சாதிக் இவங்க ரெண்டு பேர் பேச்சு. முதல் அதிகாரம் அறிவைப் பத்தினது, அதுல முதல் ஹதீஸோட அறிவிப்பாளர் தொடரப் பாருங்க (யார் கிட்டேந்து யார் கேட்டாங்கங்கற வரிசை), முஹம்மது பின் முஸ்லிம் வழியா பாக்கிர் கிட்ட போய் நிக்குது, நபி வரைக்கும் போகவே இல்ல. ஆக முதல் பக்கத்துலயே நபிமொழி அடிபட்டுப் போச்சு.

உடனே ஒருத்தர் வருவார், இமாம் சொன்னதும் நபி வழியா வந்ததுதானே, சாதிக்கே அப்படி சொல்லிருக்காரேன்னு. சொல்லிருக்கார், அதுவும் அல்-காஃபிலயே இருக்கு: என் ஹதீஸ் என் தந்தையோட ஹதீஸ், அவரோடது என் பாட்டனாரோடதுன்னு ஏறி நபி வரைக்கும் போகும். சரி, அதுல ஹதீஸ எடுத்துட்டு உங்க சொல்லப் போடுங்க: "என் நபிமொழி என் தந்தையின் நபிமொழி". நல்லாவா இருக்கு? அது அவங்க நம்பிக்கை, தாராளமா இருக்கட்டும், அத மொழிபெயர்ப்புலயே கரைச்சு விட்டா யார் சொன்னதுன்னே படிக்கறவனுக்குத் தெரியாம போகுது. தமிழ்ப்படுத்தறோம்னு வேற பெருமை, நபியே அரபுச் சொல்தான் சாமி.

என்னக் கேட்டா ஹதீஸ்னே விடுங்க, தமிழ்தான் வேணும்னா அறிவிப்பு. அறிவிப்பாளர், அறிவிப்பாளர் தொடர் எல்லாம் தமிழ் முஸ்லிம்கள் கிட்ட ஏற்கெனவே புழங்குற சொல்தானே, புதுசா எதையும் செதுக்க வேணாம்.

குலைனி ரய் பக்கம், அதாவது இன்னைக்கு தெஹ்ரான ஒட்டின ஊர், அங்க குலைன்ங்கற கிராமத்துல பொறந்தவர், பேரே ஊர்ப்பேர்தான். ஒருத்தர் மார்க்க விஷயத்துக்குப் போதுமான ஒரு நூல் வேணும்னு கேட்டதா முன்னுரைல எழுதுறார், காஃபின்னா போதுமானது. அதுக்கு 20 வருஷம் உழைச்சார்னு சொல்வாங்க. ஹிஜ்ரி 329, கி.பி. 941ல பாக்தாத்ல இறந்தார் (328ன்னும் சொல்றாங்க). அதே 329லதான் மறைஞ்சு வாழறதா ஷியாக்கள் நம்புற பன்னிரண்டாவது இமாமோட கடைசிப் பிரதிநிதியும் இறந்து, பெரிய மறைவுக் காலம்னு அவங்க சொல்றது ஆரம்பிக்குது. இமாம் கிட்ட கேக்க வழி அடைபட்ட நேரத்துல இமாம்கள் பேச்ச சேத்து வச்சவர போய் நபிமொழித் தொகுப்பாளர்னா அவர் செஞ்ச வேலையே மறைஞ்சுடுது.

அந்தத் தொகுப்பாளரும் வேணாங்க, இப்ப அதக் கேட்டா டிவில மைக் புடிச்சவங்கதான் கண்ணுக்கு வர்றாங்க. ஹதீஸ்களைத் தொகுத்தவர்னு போடுங்க, முஹத்திஸ்னு வந்தா ஹதீஸ்கலை அறிஞர்.