குதித்தால் எங்கே விழுவோம்?

1990-களில் டிவியில் வீடியோ கேம் பெட்டியை மாட்டி, கேசட் செருகி விளையாடியவர்களுக்கு, சூப்பர் மேரியோ விளையாட்டின் நாயகன் மேரியோவின் குதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழி எவ்வளவு அகலம், எந்த இடத்தில் பட்டனை அமுக்கினால் அந்தப் பக்கம் போய்ச் சேரலாம் என்பதெல்லாம் விரலுக்கே தெரியும். பக்கவாட்டில் பார்த்து ஆடும் ஆட்டம் அது. குழியின் அகலமும் குதியின் நீளமும் ஒரே தட்டைத் திரையில் அப்படியே கண்முன் கிடக்கும்.

அதே மேரியோவை முப்பரிமாண உலகத்தில் இறக்கி, அவன் முதுகுக்குப் பின்னால் கேமராவை வைத்தால் கதையே வேறு. எதிரே ஒரு மேடை மிதக்கிறது. அது பக்கத்தில் இருக்கும் சின்ன மேடையா, தூரத்தில் இருக்கும் பெரிய மேடையா? நிஜ உலகத்தில் இதைச் சொல்ல நமக்கு இரண்டு கண்கள் இருக்கின்றன. வலக்கண் பார்ப்பதற்கும் இடக்கண் பார்ப்பதற்கும் உள்ள சிறு வித்தியாசத்தை வைத்து மூளை ஆழத்தைக் கணக்கிடும். டிவித் திரையில் இரண்டு கண்ணுக்கும் ஒரே படம்தான், அதனால் அந்தக் கணக்கு அங்கே செல்லாது. ஒரு பொருள் இன்னொன்றை மறைப்பது, தூரம் போகப் போகச் சிறுத்துத் தெரிவது போன்ற சில தடயங்கள் மட்டும் மிஞ்சும். அந்தரத்தில் தனியாக மிதக்கும் மேடைக்கு அவையும் பெரிதாக உதவாது.

மேடைக்கு மேடை தாவி ஆடும் இந்த வகைக்குப் பிளாட்ஃபார்மர் என்று பெயர். முப்பரிமாண பிளாட்ஃபார்மர் விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிராஃபிக்ஸ், உலகத்தின் பரப்பு, எத்தனை நட்சத்திரம் சேர்க்கலாம் என்பதையே பெரும்பாலும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அவையெல்லாம் அப்புறம். தரையை விட்டுக் கால் எழும்பிய கணத்தில் எங்கே போய் இறங்குவோம் என்று ஆடுகிறவருக்குத் தெரிகிறதா? நல்ல விளையாட்டையும் சுமாரானதையும் பிரிப்பது இந்தக் கேள்விதான். இதற்குப் பதில் கண்டுபிடிக்க விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இயற்பியலைக் கூசாமல் வளைத்திருக்கிறார்கள்.

1996 ஜூனில் ஜப்பானில் வெளியான சூப்பர் மேரியோ 64-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் மேரியோ குதிக்கும்போது அவன் நிழலைக் கவனியுங்கள். வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும், வீட்டுக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும், காலுக்கு நேர் கீழே ஒரு கறுப்பு வட்டம் விழும். மேலே போகப் போக அது கொஞ்சம் சுருங்கும். ஒளியின் விதிப்படி பார்த்தால் இது சுத்தப் பொய். ஆனால் ஆடுகிறவர் அந்தரத்தில் இருக்கும்போது மேரியோவைவிட அந்த வட்டத்தைத்தான் அதிகம் பார்க்கிறார். வட்டம் மேடைமேல் இருந்தால் பிழைத்தோம்.

நிழலுக்கு மூளை ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது? 1997-இல் டேனியல் கெர்ஸ்டன், பாஸ்கல் மமாசியன், டேவிட் நில் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் இதற்கு அழகான விளக்கம் இருக்கிறது. கணினித் திரையில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு பந்து. பந்து திரையின் கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது பக்கமாகச் சாய்வாக நகர்கிறது. நிழலும் பந்தை ஒட்டியே அதே சாய்வில் நகர்ந்தால், பந்து தரையில் உருண்டு பெட்டியின் பின்பக்கம் போவதாகத் தோன்றும். பந்தின் பாதையை மாற்றாமல், நிழலை மட்டும் கிடைமட்டமாக நகர்த்தினால் பந்து தரையை விட்டு மேலே எழும்புவதாகத் தோன்றும். பந்தின் அளவு, வேகம், பாதை எதுவும் மாறவில்லை. நிழல் நகர்வதற்கு விளக்கு நகர்ந்ததும் காரணமாக இருக்கலாம் என்று மூளை யோசிப்பதே இல்லை. விளக்கு நின்ற இடத்தில் நிற்கிறது, பொருள்தான் நகர்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. மேரியோவின் பொய் நிழல் இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

ஓராண்டு முன்னால், 1995-இல் பிளேஸ்டேஷனில் வந்த ஜம்பிங் ஃப்ளாஷ் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. அதில் ரோபோ முயலின் கண் வழியாகவே உலகத்தைப் பார்ப்போம். அந்தரத்தில் மறுபடி எம்பிக் குதித்ததும் பார்வை தானாகவே கீழே திரும்பி, இறங்கப்போகும் இடத்தைக் காட்டிவிடும். புத்திசாலித்தனமான யோசனை. ஆனால் கீழே பார்க்கும் நேரத்தில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது.

அடுத்தது ஈர்ப்புவிசை. மேரியோ 64-இன் நிரலை ரசிகர்கள் வரிக்கு வரி பிரித்துப் படித்திருப்பதால் கணக்கைத் துல்லியமாகவே போடலாம். விளையாட்டு விநாடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம், ஓடுகிறது. நீளத்தை அளக்க அதற்கென்று ஒரு அலகு உண்டு. நின்ற இடத்தில் குதித்தால் முதல் ஃப்ரேமில் மேரியோ 42 அலகு மேலே போகிறான். பிறகு ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்த வேகம் 4 அலகு குறைகிறது: 42, 38, 34 என்று. 11 ஃப்ரேமில் 242 அலகு உயரம் போய்விடுவான். அவன் உயரமே 160 அலகுதான். ஆக, தன் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு எம்புகிறான். அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 0.37 விநாடி.

மேரியோவின் உயரம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அவன் உலகத்தின் ஈர்ப்புவிசை பூமியுடையதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். பூமியின் ஈர்ப்பையே வைத்திருந்தால் அதே உயரத்துக்கு ஏறி இறங்க 1.3 விநாடிக்கு மேல் ஆகும். கேட்பதற்குக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் பலூன் மாதிரி மிதப்பவனை ஒவ்வொரு குதிக்கும் பார்த்துக்கொண்டிருந்தால் சலித்துவிடும். கனமான ஈர்ப்பும் பலமான கால்களும் சேர்ந்தால்தான் குதி ‘சட்’டென்று இருக்கும்.

இன்னொரு நுணுக்கம்: பட்டனிலிருந்து விரலைச் சீக்கிரம் எடுத்தால் குதி குட்டையாகிவிடும். மேலே போகிற வேகம் 20 அலகுக்கு மேல் இருக்கும்போது விரலை எடுத்தால், நிரல் அந்த வேகத்தை நாலில் ஒரு பங்காகக் குறைக்கிறது. தரையை விட்டுக் கிளம்பிய பிறகு மனத்தை மாற்றிக்கொள்ள எந்த மனிதனாலும் முடியாது, மேரியோவால் முடியும். ஓடிக்கொண்டே குதித்தால் உயரமும் கூடும். முழு வேகத்தில் 338 அலகு. அடுத்தடுத்துக் குதித்து, மூன்றாம் குதியைச் சரியான தாளத்தில் போட்டால் 630. இந்த உயரங்கள் என்றும் மாறாதவை என்பதால்தான் சிறிது நேரம் ஆடியதும் கை அளவு பழகிவிடுகிறது.

மேரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவின் குழு உலகங்களைக் கட்டுவதற்கு முன்பே இந்த அசைவுகளில் உட்கார்ந்துவிட்டது. ஒரு சோதனை அறையில் முயலைத் துரத்திப் பிடிப்பதுதான் ஆரம்பகால விளையாட்டு. அந்த முயல் பின்னாலும் விளையாட்டில் வரும் அரண்மனையின் அடித்தளத்தில் தங்கிவிட்டது. பெயர் மிப்ஸ், அந்த ஆட்டம் ஓடிய நின்டெண்டோ 64 பெட்டியின் பிராசஸர் வகையின் பெயர்! அரண்மனைக்கு வெளியே எதிரி ஒருவரும் இல்லாத புல்வெளியில் ஆட்டம் தொடங்குவதும் சும்மா இல்லை. ஓடிப் பார்க்க, மரமேறிப் பார்க்க, தண்ணீரில் குதித்துப் பார்க்க இடம் விட்டிருக்கிறார்கள்.

எவ்வளவு பழகினாலும் விளிம்பில் கணக்குத் தப்பும். பின்னாலிருந்து பார்க்கும்போது மேடையின் விளிம்பை நம் ஆள் உடம்பே மறைத்துக்கொள்ளும். இருட்டில் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைக்கிற நிலைதான். அதனால் பிளாட்ஃபார்மர்களில் ஒரு கள்ளச் சலுகை உண்டு: கால் விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு கண நேரத்துக்குக் குதிக்க அனுமதி. 2018-இல் வந்த செலஸ்ட் என்ற இருபரிமாண விளையாட்டில் இது 0.1 விநாடி. விளிம்பு தெளிவாகத் தெரியும் அந்த விளையாட்டுக்கே இது தேவைப்பட்டால் முப்பரிமாணத்துக்கு எவ்வளவு தேவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சலுகை இருப்பது ஆடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. ‘நான் அமுக்கினேன், அது குதிக்கவில்லை’ என்ற எரிச்சல் மட்டும் வராது.

மிச்சமிருப்பது கேமரா. பெரும்பாலான விளையாட்டுகள் தோற்பது இங்கேதான். கன்ட்ரோலரில் திசை காட்டும் ஸ்டிக்கை மேலே தள்ளினால் ஆள் எந்தத் திசையில் ஓட வேண்டும்? கேமரா பார்க்கிற திசையில். அதாவது ஸ்டிக்கின் கோணத்தோடு கேமராவின் கோணத்தையும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கூட்டித்தான் திசை முடிவாகிறது. ஒற்றைப் பலகைமேல் நேராக நடந்துகொண்டிருக்கிறோம். பின்னால் ஏதோ சுவர் இடித்து, கேமரா தானாக 30 பாகை திரும்புகிறது. விரல் அசையவே இல்லை, ஆனால் ஆள் 30 பாகை சாய்ந்து பள்ளத்துக்குள் போய்விடுகிறான். தப்பு யாருடையது என்று ஆடுகிறவருக்கு நன்றாகத் தெரியும். கன்ட்ரோலர் சுவரில் மோதுவது இந்த மாதிரி நேரங்களில்தான். மேரியோ 64-இல் மேகத்தில் மிதக்கும் லக்கிட்டு என்ற பாத்திரம்தான் கேமராமேன். கண்ணாடி அறைக்குள் போனால் அவன் பிம்பமும் தெரியும். கேமராவும் உலகத்தில் இருக்கும் ஒரு ஆள்தான் என்று சொல்லிவிட்டதால் அவன் தடுமாற்றங்களை நாம் ஓரளவு மன்னித்துவிடுகிறோம். ஓரளவுதான். இன்று அதை எடுத்து ஆடினால் மூலைமுடுக்குகளில் அந்தக் கேமரா படுத்துகிறது.

2007-இல் வந்த சூப்பர் மேரியோ கேலக்ஸி தரையையே உருண்டையாக்கியது. சின்னச் சின்னக் கிரகங்கள். பல கிரகங்களில் விழுவதற்கு விளிம்பு கிடையாது, கேமரா இடிப்பதற்குச் சுவர் கிடையாது, நேராக ஓடிக்கொண்டே இருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். எதிரியின் தலைமேல் குறிபார்த்துக் குதிப்பது கஷ்டம் என்பதால், பக்கத்தில் போய்ச் சுழன்று அடிக்கும் வசதியையும் கொடுத்தார்கள்.

2018-இல் பிளேஸ்டேஷன் விஆர் என்ற மெய்நிகர் தலைக்கவசத்துக்காக வந்த ஆஸ்ட்ரோ பாட் ரெஸ்க்யூ மிஷனில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம். மேடை எவ்வளவு தூரம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. அப்படியும் குட்டி ரோபோ அந்தரத்தில் மிதக்கும்போது அதன் காலடியிலிருந்து லேசர் கற்றைகள் நேர் கீழே பாய்ந்து, இறங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுகின்றன. கீழே இருக்கும் எதிரிகளையும் சுட்டுத் தள்ளுகின்றன என்பது கூடுதல் வசதி. ஆனால் விஆரில் கேமரா என்பது நம் தலை. அதை விளையாட்டு தன் இஷ்டத்துக்குச் சுழற்றினால் குமட்டிக்கொண்டு வரும். அதனால் பார்வை முன்னோக்கி மட்டும் நிதானமாக நகர்கிறது. ஏதாவது விட்டுப்போனது என்று வந்த வழியே திரும்ப அங்கே வழியில்லை, அந்த லெவலை முதலிலிருந்துதான் ஆட வேண்டும்.