வேலையை விடாமல் ஆட்டிசம் மேற்படிப்பு

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் பள்ளிகளில் சிறப்பாசிரியராக வேலை பார்க்கிறேன். ஆட்டிசத்தில் மேற்படிப்புப் படிக்க நினைக்கும் ஆசிரியர்களும் தெரபிஸ்டுகளும் என்னிடம் முதலில் கேட்பது, "வேலையை விட்டுவிடட்டுமா?" என்றுதான். விடவே வேண்டாம். பகுதிநேரமாகப் படியுங்கள். இந்தப் படிப்புக்குப் புத்தகத்தைவிட அதிகம் தேவை, தினமும் கண்முன்னே இருக்கும் குழந்தை.

ஜனவரிக் காலை, பல் கிட்டுகிற குளிர். ஒரு பையன் வகுப்புக்குள் வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி எறிவான். திரும்ப மாட்டப் போனால் அலறல். பிடிவாதம், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று பேச்சு. மனநல மருத்துவர்கள் குறைபாடுகளைக் கணிக்கப் பயன்படுத்தும், 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 கையேடு, ஒலி, தொடுகை, குளிர், வெப்பம் போன்றவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது. அதைப் படித்தவருக்கு வேறு கேள்விகள் எழும். கம்பளி குத்துகிறதா? கழுத்தில் தைத்த லேபிள் உரசுகிறதா? இல்லை, குளிரே உறைக்கவில்லையா? லேபிளை வெட்டிவிட்டு, உள்ளே முழுக்கைப் பருத்தி பனியன் போட்டுப் பார்த்தோம். அன்று மதியச் சாப்பாடு வரை ஸ்வெட்டர் உடம்பில் இருந்தது. இரவு படித்ததை மறுநாள் காலையே செய்து பார்க்கும் வாய்ப்பு வேலையில் இருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

இன்னொன்று மொழி. வீட்டில் படுகர்களின் மொழியான படுகு, கடைவீதியில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். கூடலூர் பக்கம் மலையாளமும் சேரும். பேச்சு தாமதமானால், "மூணு பாஷை குழப்பம், போகப்போகச் சரியாகிடும்" என்று சொல்லியே குழந்தைக்கு நாலு வயது தாண்டிவிடுகிறது. பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை. பாட்டியோடு படுகில் பேச வேண்டிய பிள்ளையிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசச் சொல்வது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்டுப் பார்க்கும், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் கேள்வித்தாள் பேச்சை மட்டும் பார்ப்பதில்லை. விரல் நீட்டிக் காட்டுகிறதா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்றும் கேட்கிறது. அது முடிவான கணிப்பு அல்ல. ஆனால் மருத்துவரிடம் போகும் நாளை முன்னுக்குக் கொண்டுவரும்.

சரி, எங்கே படிப்பது? பிரிட்டனில் முதுநிலைப் படிப்பைப் படிப்படியாக முடிக்கலாம்: 60 கிரெடிட்டில் (படிப்பின் அளவைக் காட்டும் புள்ளி) சான்றிதழ், 120-இல் டிப்ளமோ, 180-இல் பட்டம். குடும்பமும் வேலையும் உள்ளவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் இங்கே சிறப்பாசிரியராகப் பணிபுரிய, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். வெளிநாட்டுச் சான்றிதழ் அந்தப் பதிவைத் தானாக வாங்கித் தராது. பணம் கட்டும் முன் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலைப் பாருங்கள். அப்புறம், நேர்முக வகுப்புகள் எந்த மாதம் என்றும் கேளுங்கள். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் வகுப்புக்குப் போய்ச் சேர முடியாது.

படிப்பில் ஒரு குழந்தையைப் பற்றி விரிவாக எழுதச் சொல்வார்கள். பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். பேரை மறைத்தால் மட்டும் போதாது. ஊர், வயது, அப்பாவின் வேலை எல்லாவற்றையும் மாற்றி, அந்தப் பக்கங்களைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டிய பிறகு சமர்ப்பியுங்கள்.