மலை அல்ட்ரா ஓட்டம்: திரும்பும் முடிவைக் கிளம்பும் முன்பே எழுதி வையுங்கள்

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் விடிகாலையில் ஓடிக்கொண்டிருந்தவர்களில் பலர் இப்போது ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், மேட்டுப்பாளையம்–கோத்தகிரிச் சாலையிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் பயிற்சி எடுக்கிறார்கள். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைக் கடந்தபின் அவர்கள் அடுத்துத் தேடுவது ஐம்பது, எண்பது, நூறு கிலோமீட்டர் என மாரத்தானை மிஞ்சும் ‘அல்ட்ரா’ தூரங்களை. அதிலும் தார்ச்சாலையை விட்டு விலகிய மலைப்பாதைகளை. திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி ஓட்டக் குழுக்களிலிருந்து சிலர் சேர்ந்து லடாக்குக்கும் இமாசலத்துக்கும் போய் ஓடிவிட்டு வருகிறார்கள். அவசர சிகிச்சை மருத்துவராக இவர்களைப் படுக்கையிலும் பார்த்திருக்கிறேன், மருத்துவத் தன்னார்வலராக ஓட்டப் பாதையிலும் பார்த்திருக்கிறேன். ஓடுபவர்களுக்காகவும், இத்தகைய சிறிய ஓட்டங்களை நடத்துபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பெரிய விளம்பரதாரர் இல்லாமல், பதக்கமும் பரிசுத் தொகையும் இல்லாமல், வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரைபடக் கோப்பைப் பகிர்ந்து, நாற்பது ஐம்பது பேர் கூடி ஓடும் மலை ஓட்டங்கள் மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. முதலில் வந்தவர் கடைசியில் வருபவருக்காகக் காத்திருந்து கைதட்டும் பண்பு அங்கேதான் இன்னும் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1992இல் தொடங்கிய ஹார்ட்ராக் ஓட்டம் இந்த மரபின் நல்ல எடுத்துக்காட்டு. பழைய சுரங்கத் தொழிலாளர்கள் நடந்த மலைப்பாதைகளை ஒட்டி 160 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தூரம், மொத்தமாக ஏறத்தாழ 10,000 மீட்டர் ஏற்றம், 4,282 மீட்டர் உயரமுள்ள ஹேண்டீஸ் சிகரம், 48 மணி நேரக் கெடு. இத்தனை பெயர் பெற்ற பிறகும் ஓடுபவர்களின் எண்ணிக்கையை ஒன்றரை நூறைச் சுற்றியே வைத்திருக்கிறார்கள். பனி அதிகமான ஆண்டிலும் காட்டுத்தீ பரவிய ஆண்டிலும் ஓட்டத்தையே ரத்து செய்திருக்கிறார்கள். சிறிய ஓட்டம் என்பதற்காக விதிகள் தளர வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

உயரமான மலையில் ஓடுபவரின் உயிருக்கு ஆபத்தாக வரும் நிலைகளில் மூன்று, மூளையை வீங்கச் செய்யும் மலை நோய், உடல் வெப்பக் குறைவு, இரத்தத்தில் சோடியம் குறைதல் ஆகியவை. காரணங்கள் வேறு, சிகிச்சைகள் வேறு. ஆனால் மூன்றுமே தொடக்கத்திலேயே ஓடுபவரின் நிதானத்தைக் கெடுத்துவிடுகின்றன. "முடியாவிட்டால் நானே நின்றுவிடுவேன் டாக்டர்" என்று ஏறக்குறைய எல்லோரும் சொல்கிறார்கள். நிற்க வேண்டிய அந்த நேரத்தில், நிற்கலாமா என்று தீர்மானிக்கும் திறன் அவரிடம் இருக்காது. எனவே, எந்த நிலையில் திரும்ப வேண்டும், அதை யார் சொல்ல வேண்டும் என்ற இரண்டும் கிளம்பும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

உயரத்தைப் பற்றி நம் பகுதி ஓட்டக்காரர்களிடம் ஒரு தவறான தைரியம் இருக்கிறது. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், உதகை 2,240 மீட்டர், நீலகிரியின் மிக உயர்ந்த தொட்டபெட்டா 2,637 மீட்டர். மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆகவே பல ஆண்டுகள் நீலகிரியில் ஓடியவருக்கும் மலை நோய் என்ற ஒன்றைச் சந்திக்கும் வாய்ப்பே கிடைத்திருக்காது. லே நகரம் 3,500 மீட்டர். அதற்கு மேலே உள்ள கார்துங் லா கணவாயின் உயரம் 5,359 மீட்டர். 72 கிலோமீட்டர் கார்துங் லா சேலஞ்ச் ஓட்டம் அந்தக் கணவாயைக் கடந்துதான் லேக்கு இறங்குகிறது. நாலாயிரம் மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். கணவாயின் உச்சியில் பாதியைச் சற்றே தாண்டும். உடற்தகுதி இதற்குக் கவசம் ஆகாது. நன்றாகப் பயிற்சி எடுத்தவர் வேகமாக ஏறிவிடுகிறார், உடல் பழகுவதற்கு நேரம் தருவதில்லை என்பதால் அவருக்குத்தான் ஆபத்து கூடுகிறது.

லேயில் விமானத்தில் இறங்கிய இரண்டாம் நாள் இரவு, நன்கு ஓடக்கூடிய ஒருவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். தலைவலி, இருமுறை வாந்தி. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர், ராத்திரி சாப்பாடு ஒத்துக்கல, கேஸ் டிரபிளுங்க" என்றார். பேச்சில் ஓர் இழுவை இருந்தது. அறை நண்பரிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லி, தரை ஓட்டின் இணைப்புக் கோட்டின் மேல் ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி பத்து அடி நடக்கவைக்கச் சொன்னேன். மூன்றாவது அடியிலேயே கோட்டை விட்டு விலகிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தடுமாற்றம் மூளை வீங்கத் தொடங்கியதன் அறிகுறி. அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை. அவரைத் தனியே தூங்கவிடாமல் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜனும், மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தும் கொடுத்து, மறுநாள் சமவெளிக்கு அனுப்பினார்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டிருந்தால் காலையில் நினைவிழந்த நிலையில் இருந்திருக்கலாம்.

இந்த நடைப் பரிசோதனைக்குக் கருவி தேவையில்லை, படிப்பும் தேவையில்லை. உயரத்தில் நடக்கும் ஒவ்வொரு ஓட்டத்திலும், ஒவ்வொரு உதவி நிலையத்திலும், தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, சந்தேகத்துக்குரிய எவரையும் அதன்மேல் நடக்கச் சொல்லலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பிவிடக் கூடாது. குளிரில் விரல் விறைத்திருந்தால் அது காட்டும் எண் தவறாக இருக்கும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, படுத்தால் மூச்சுத் திணறுவது, விடாத வறட்டு இருமல் ஆகியவை நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியதன் அறிகுறிகள். அதற்கும் முதல் மருந்து கீழே இறங்குவதே. உயரத்தில் உடல் சரியில்லை என்றால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை மலை நோயாகவே கருத வேண்டும்.

மூவாயிரம் மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும். கோவையிலிருந்து விமானம் பிடித்து வியாழன் இறங்கி ஞாயிறு ஓடும் திட்டம் இந்தக் கணக்கில் எவ்வகையிலும் அடங்காது. அசெட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. டெக்ஸாமெத்தசோன் இறங்கும்போது உயிர் காக்கும் மருந்து. அதைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுவது, அறிகுறியை மறைத்துவிட்டு ஆபத்தைக் கூட்டுவதாகும்.

உயரம் குறைவு என்பதால் நீலகிரி பாதுகாப்பானது என்று பொருளல்ல. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 172 பேர் கிளம்பினார்கள். 21 பேர் இறந்தார்கள். அவர்கள் இறந்தது குளிரால். அந்த மலைப்பகுதி உதகையின் உயரத்தை ஒட்டியதுதான். கிளம்பும்போது அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும் போதுமாக இருந்த வானிலை, நடுப்பகலில் ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றுமாக மாறியபோது, பலர் வண்டி போக முடியாத நீண்ட ஏற்றத்தின் நடுவே இருந்தார்கள். காற்றையும் மழையையும் தடுக்கும் மேலுடை அன்று கட்டாயப் பொருளாக இருக்கவில்லை. இறந்தவர்களில் சீனாவின் முன்னணி அல்ட்ரா ஓட்டக்காரர்களும் உண்டு. ஆடு மேய்க்கும் ஒருவர், குளிருக்கு ஒதுங்கும் தன் குகையில் தீ மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார்.

வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஓடியவர்களுக்கு அந்த நிலைமையின் தொடக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும். மேலே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்குச் சற்றே மேல் என்ற அளவில் வெப்பம் குறைகிறது. நனைந்த பருத்தி பனியனில் காற்றடித்தால் உடல் வெப்பம் மிக விரைவில் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் வரை உடல் சூட்டை உண்டாக்கும். சோர்ந்து நடக்கத் தொடங்கியதும் சரிவு ஆரம்பம். உதவி நிலையத்தில் நான் முதலில் பார்ப்பது கைவிரல்களை. மழைச்சட்டையின் ஜிப்பைப் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தவறவிடுபவர், பேரிச்சம்பழப் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர், கேட்ட கேள்விக்கு எரிந்து விழுபவர் ஆகியோரை மேலே அனுப்பக் கூடாது. நடுக்கம் நின்றுவிட்டது என்று அவர் சொன்னால் அது நல்ல செய்தி அல்ல, உடல் தோற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடை உடுத்தி, காற்றுப் படாத இடத்தில் கம்பளி சுற்றி, விழுங்கும் நிதானம் இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்க வேண்டும். கை கால்களைத் தேய்த்துவிடுவது நம் வீடுகளில் பழக்கம். இந்த நிலையில் அதைச் செய்யக் கூடாது.

மூன்றாவது நிலையான சோடியம் குறைவில்தான் மருத்துவர்களும் தவறும் வாய்ப்பு உண்டு. மலை அடிவார ஊர் ஒன்றின் சிறிய மருத்துவமனைக்கு, இரவெல்லாம் ஓடிய இளைஞர் ஒருவர் தள்ளாடியபடி கொண்டுவரப்பட்டார். "பையன் தண்ணியில்லாமக் காஞ்சு போயிட்டானுங்க, ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று வீட்டார் கெஞ்ச, ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். எங்களிடம் மாற்றி அனுப்பப்பட்டபோது அவருக்கு வலிப்பு வந்திருந்தது. கை மணிக்கட்டில் கடிகாரப் பட்டை பதிந்து வீங்கியிருந்தது. மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. அவர் உடலில் தண்ணீர் குறையவில்லை, மிகுந்திருந்தது. தாகம் இல்லாதபோதும் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பாட்டில் என்று குடித்ததில் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போயிருந்தது. ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில் உள்ள சர்க்கரையை உடல் எரித்தபின் மிஞ்சுவது வெறும் தண்ணீர் என்பதால், அந்த பாட்டில் அவரது மூளை வீக்கத்தைக் கூட்டியது. மூன்று சதவீத உப்புக் கரைசலைச் சிறு அளவுகளில் கொடுத்து அவரை மீட்டோம்.

இது அரிய நிகழ்வு என்று ஒதுக்கிவிட முடியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்ததாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே அது அதிகமாக இருந்தது. தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் குடிக்காதீர்கள். ஓட்டத்துக்குப் பின் குழப்பமான நிலையில் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், சோடியம் அளவைப் பார்த்துவிட்டு அதன்பின் சொட்டு மருந்து ஏற்றும்படி நீங்களே கேளுங்கள்.

வலி மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றை ஓட்டத்தின் நடுவே விழுங்குவது, ஏற்கெனவே இரத்த ஓட்டம் குறைந்திருக்கும் சிறுநீரகத்தை மேலும் நெருக்குகிறது. சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால் தசைகள் சிதைகின்றன என்று பொருள். அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் இதயப் பரிசோதனை செய்யாமல் மலை ஏறக் கூடாது.

ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பவை பணம் சார்ந்தவை அல்ல. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் வனப்பகுதி மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. வனத்துறை அனுமதி பெறுவதை அலைச்சலாக மட்டும் பார்க்கிறோம். மலையில் யார் யார் இருக்கிறார்கள், எந்த வழியில் யானை நடமாட்டம் இருக்கிறது என்பதை அறிந்த ஓர் அலுவலகம் நம்மை அறிந்திருக்கிறது என்பதே அந்த அனுமதியின் மருத்துவப் பயன். 108 வண்டி சாலை முடியும் இடம் வரைதான் வரும். சாலைக்கும் விழுந்தவருக்கும் இடையிலுள்ள தூரத்தை எத்தனை பேர், எதில் சுமந்து, எவ்வளவு நேரத்தில் கடப்பார்கள் என்பதை முந்தைய வாரமே ஒருமுறை நடந்து பாருங்கள். ஓடுபவர்கள் இருவர் இருவராகப் போகட்டும். கடைசி ஓட்டக்காரரின் பின்னால் பொறுப்பான ஒருவர் வரட்டும். ஒவ்வொரு நிலையத்திலும், "இவர் இதற்குமேல் போக வேண்டாம்" என்று சொல்ல ஒருவருக்கு முழு அதிகாரம் இருக்கட்டும். அவர் ஓடுபவரின் நெருங்கிய நண்பராக இல்லாதிருந்தால் நல்லது. அவருடைய சொல்லுக்கு மறுபேச்சு இல்லை என்று ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட தாளைத் தொடக்கக் கோட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் இன்னும் ஒரு வரியையும் சேர்க்கச் சொல்கிறேன். இரவு முழுவதும் விழித்து ஓடியவர்கள், முடித்த மகிழ்ச்சியில் தாங்களே காரை எடுத்துக்கொண்டு மலைச்சாலையில் இறங்குகிறார்கள். மேட்டுப்பாளையம் வரையிலான அந்த இறக்கத்தில் ஸ்டீயரிங்கில் கண்ணயர்ந்து சுவரில் மோதி வந்தவர்களை நாங்கள் சிகிச்சைக்குச் சேர்த்திருக்கிறோம். ஓடியவர் குறைந்தது ஓர் இரவு மேலேயே தூங்க வேண்டும், அல்லது ஓடாத ஒருவர் வண்டியை ஓட்ட வேண்டும். அந்த ஓட்டுநரின் பெயரும் கைபேசி எண்ணும் பதிவுப் படிவத்திலேயே இருக்க வேண்டும்.