படகில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருக்கட்டும்

போன தை மாதம் விடியற்காலையில் இரண்டு பேர் தோளில் தாங்கி ஒருவரை எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். வீச்சு வலையோடு முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தபோது திருக்கை அடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள், காயத்தின் மேல் சுண்ணாம்பு, அதற்கும் மேல் புகையிலை. சிறுவயதிலிருந்து கடலிலேயே கிடந்தவர், அன்றைக்கு வலி தாங்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஊசி ஏதாவது போடுங்க டாக்டரம்மா."

"போடலாம்ணே, முதல்ல காலை இந்த வாளிக்குள்ள வைங்க."

வாளியில் இருந்தது வெறும் வெந்நீர். துண்டை அவிழ்த்து, காயத்தைக் கழுவி, கணுக்கால் முங்கும் அளவுக்கு வைத்தோம். கால் மணி நேரத்தில் கம்பியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அரை மணி நேரத்தில் டீ கேட்டார். வலி ஊசி அதற்கப்புறம்தான் போட்டோம். கரையிலேயே யாராவது ஒரு அடுப்பைப் பற்றவைத்திருந்தால் அந்த ஒன்றரை மணி நேரத் துடிப்பு அவருக்கு இருந்திருக்காது, இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

திருக்கையின் வாலில் இருக்கும் முள்ளின் ஓரம் அரம் மாதிரி பல் பல்லாக இருக்கும், அதன் மேல் ஒரு மெல்லிய உறை, அந்த உறையில்தான் விஷம். முள் காலுக்குள் ஏறி வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வருவதோடு உறையின் துண்டுகளையும் உள்ளே விட்டுவிட்டு வரும். அந்த விஷம் புரதத்தால் ஆனது, சூடு பட்டால் சிதைந்துபோகும். கெளுத்தி, ஓரா, பாறையோடு பாறையாகக் கிடக்கிற கல்மீன் எல்லாவற்றின் முள்ளுக்கும் இதே கணக்குதான். சூடு என்றால் கொதிக்கிற தண்ணீர் இல்லை. 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம், கூட இருக்கிறவர் தன் கையை விட்டுப் பார்த்து, சுடுகிறது ஆனால் தாங்க முடிகிறது என்ற பதத்தில் இருந்தால் சரி. அடிபட்டவரைக் கேட்டுப் பதம் பார்க்காதீர்கள், அந்த வலியில் அவருக்குச் சூடு தெரியாது, கால் வெந்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை, ஆற ஆற மாற்றி ஊற்றவேண்டும். அப்புறம் மருத்துவமனைக்கு வந்தே ஆகவேண்டும், ஏனென்றால் உள்ளே முள் தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்கணும், டெட்டனஸ் ஊசி போடணும். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தி முள் நிற்கிறது என்றால் பிடுங்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

எங்கள் பக்கம், மண்டபத்தைச் சுற்றி இருக்கிற ஊர்களில், ஒரு தரையின் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, தொழிலுக்குப் போகிறவர்கள் வாயில் வடகடல், தென்கடல். வாடை அடிக்கிற மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், அப்போது தென்கடலில் தொழில். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, எடுத்துவிட்டால் தலைகீழ். காயமும் இதே மாதிரி பக்கம் மாறும். வடகடல் ஆழம் குறைவு, சேறும் கடல்புல்லுமாக இருக்கிற இடம், அங்கிருந்து வருவது பெரும்பாலும் திருக்கை அடியும் கெளுத்திக் குத்தும். தென்கடலில் பார், அதாவது பவளப்பாறை, அங்கே பாறையில் ஒட்டிக்கிடக்கிற கூரான மூரை ஓட்டில் கால் கிழிந்து வருவார்கள், உருண்டை உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிற கடல்முள்ளி ஏறி வருவார்கள், எப்போதாவது ஒரு கல்மீன். பாசி எடுக்கப் போகிற அக்காமார் விரலில் துணி சுற்றி, காலில் ரப்பர் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள், அது மிக நல்ல பழக்கம். ஆழம் குறைந்த இடத்தில் வலையோடு நடக்கிறவர்கள் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலை உரசிக்கொண்டே நகருங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அந்த அசைவுக்கே விலகிப் போய்விடும், மேலே மிதித்தால்தான் வாலைச் சுழற்றும்.

தடைக்காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதில் வேலை பார்க்கிற தம்பிகள் பலர் அந்த நாட்களில் நாட்டுப்படகுக்கும் வத்தைக்கும் கைவேலைக்குப் போகிறார்கள். பெரிய படகில் மடியை, அதாவது இழுவலையை, கொட்டி, நின்று தரம் பிரித்துப் பழகிய கை, இங்கே செவுள் வலையில் சிக்கிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். கெளுத்தி வலையில் மாட்டினால் முதுகு முள் ஒன்று, பக்க முள் இரண்டு, மூன்றையும் விறைத்துக்கொண்டு நிற்கும். ஓராவுக்கு முதுகில் மட்டும் 13 முள். பழையவர்கள் முள்ளை முதலில் ஒடித்துவிட்டுத்தான் மீனை எடுப்பார்கள், புதுக்கை அவசரத்தில் அப்படியே பிடித்து இழுக்கும். மே மாதம் எங்கள் வாசலில் வீங்கிய கையோடு உட்கார்ந்திருப்பதில் பாதிப்பேர் இந்தத் தம்பிகள்தான். செத்த மீனின் முள்ளிலும் விஷம் இருக்கும், ஏலக்கூடத்தில் கூடை தூக்குகிற பெண்களும் இதை நினைவில் வைக்கவேண்டும்.

கெளுத்தி என்றதும் எனக்குப் பயமெல்லாம் இன்னொன்றின் மேல். நம் கரைக்கடலிலும் கழிமுகத்திலும் இருக்கிற கடல்பாம்புகளில் மூக்கு வளைந்த ஒரு வகை உண்டு, அதற்கு முக்கியமான இரை கெளுத்தி. கெளுத்தி நிறைய பாய்ந்த வலையில் அதுவும் சேர்ந்து வரும். இருட்டில் வலையைத் தடவிக்கொண்டு போகிற கையில் கடித்தால் முள் குத்தியது மாதிரிகூட இருக்காது, அதனால்தான் அலட்சியம். அரை மணி நேரத்திலோ, சில மணி நேரம் கழித்தோ உடம்பெல்லாம் சதை வலிக்கும், தாடை இறுகும், கண் இமை தொங்கும், சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போகும். இதற்கு வெந்நீர் உதவாது. கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். எலும்பு முறிந்த கையை வைத்திருப்பது போல அசைக்காமல் வைத்து, படுக்கவைத்து, கரை சேர்ந்ததும் 108-ஐக் கூப்பிட்டு, வென்டிலேட்டரும் டயாலிசிஸும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே 'கடல்பாம்பு' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் நாட்டில் கிடைக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும்தான், கடல்பாம்புக்கு அது வேலை செய்யாது. மூச்சையும் சிறுநீரகத்தையும் விஷம் இறங்குகிற வரை காப்பாற்றுவதுதான் சிகிச்சை. ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றினாலும் ஒரு நாள் கண்காணிப்பில் இருக்கவேண்டும்.

சொறி, அதாவது ஜெல்லிமீன், பட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பதும் குடிதண்ணீர் ஊற்றுவதும் கூடாது, இரண்டுமே ஒட்டியிருக்கிற இழையை இன்னும் கொட்டவைக்கும். கடல்தண்ணீரை ஊற்றி, இழையை இடுக்கியாலோ உறை போட்ட கையாலோ எடுத்துவிட்டு வெந்நீர் விடுங்கள். உடம்பு சதுரப்பெட்டி மாதிரி இருந்து மூலைகளிலிருந்து வால் தொங்குகிற வகை என்று தெரிந்தால் இழையை எடுப்பதற்கு முன்பே வினிகர் ஊற்றலாம். மூச்சு முட்டினால் இதற்கெல்லாம் நிற்காமல் கிளம்புங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் ஆற்றுத்தண்ணீர் கடலில் கலந்து கரை கலங்கிக் கிடக்கும். அந்த நாட்களில் நான் கேட்கிற முதல் கேள்வி காயத்தைப் பற்றியது இல்லை, சுகர் இருக்கிறதா என்பதுதான். சுகர் இருக்கிறவருக்கும், குடியால் ஈரல் கெட்டவருக்கும் சின்னக் கீறல் போதும். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் வாழ்கிற விப்ரியோ வகைக் கிருமி அதற்குள் புகுந்தால், காலையில் சிவந்திருந்த இடம் மாலையில் கறுத்து, இரத்தம் கோத்த கொப்புளம் எழும்பி, காய்ச்சல் அடிக்கும். அந்த நிலையில் ஒரு இரவு வீட்டில் படுத்திருந்துவிட்டு வந்த ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கவேண்டியதாயிற்று. அவருக்குக் கீறல் எப்போது பட்டது என்றே தெரியவில்லை, உள்ளங்காலில் உணர்ச்சி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அதனால் சுகர் இருக்கிற அண்ணன்மார் கடலுக்குள் இறங்கும்போது அடி தடித்த ரப்பர் செருப்பை வாரோடு கட்டிக்கொள்ளுங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் காலைக் கழுவி, உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் காட்டி வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், நம் கண்ணுக்குத் தெரியாத இடம் அது.

பிளாஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். டீக்கு ஒன்று எல்லாப் படகிலும் போகிறது. இன்னொன்றில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் பிடித்து, கூடவே கால் நுழைகிற மாதிரி ஒரு வாளியும் ஒரு சின்னப் பாட்டில் வினிகரும் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது வாளியில் சாதாரணத் தண்ணீரோடு கலந்து பதம் பார்த்தால் போதும். தை மாதம் வந்த அந்த அண்ணன் இப்போது அப்படித்தான் போகிறார், அவர் படகில் வருகிற மகனுக்குப் பங்குனியில் கெளுத்தி குத்தியபோது எங்களிடம் வரும்போதே வலி அடங்கியிருந்தது, நாங்கள் முள் நுனியை மட்டும் எடுத்துவிட்டோம்.