டப்பா மூடிய பிறகு நடக்கும் சமையல்

போர்ச்சுகல்காரர்களின் மத்தி மீன் டப்பாவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஆலிவ் எண்ணெய். அதுதான் மீனைக் கெடாமல் காக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஊறுகாய் என்றால் உப்பும் புளிப்பும் காவல் நிற்கும். இங்கே புளிப்பு இல்லை, உப்பும் கொஞ்சம்தான். போதாக்குறைக்கு, காற்றுப் புகாத இடம் குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற நச்சுக் கிருமிக்கு ரொம்பவே தோதானது. அதன் வித்துகள் கொதிநீருக்கும் சாகாது. ஆக, காப்பது எண்ணெயல்ல, சூடுதான்: டப்பாவை மூடிய பிறகு அழுத்தமூட்டிய நீராவிக் கலனில் ஏற்றி, நடுப்பகுதி வரை 121 டிகிரி செல்சியஸ் சூடு 3 நிமிடமாவது நிற்க வேண்டும். அல்லது சற்றுக் குறைந்த சூட்டில் அதற்கு ஈடான கூடுதல் நேரம்.

முள்ளை மெத்தென்று ஆக்குவதும் இந்தச் சூடுதான். எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதம் மிருதுவான ஜெலட்டினாக மாறிவிடுவதால் முள்ளோடு மென்று விழுங்கலாம்.

1853இல் போர்ச்சுகலின் ஸ்பெயின் எல்லையோர ஊரான விலா ரியால் த சாந்து அந்தோனியுவில் தொடங்கிய ராமிரெஸ் என்ற டப்பா மீன் நிறுவனம் இன்றும் இயங்குகிறது. 1880களில் பிரான்ஸின் பிரிட்டனி கரையோரம் மத்தி பொய்த்துப்போக, பிரெஞ்சு முதலாளிகள் போர்ச்சுகலின் துறைமுக ஊரான செத்தூபலுக்கு வந்தார்கள். முதல் உலகப்போரில் சிப்பாய்களுக்கு டப்பா உணவு தேவைப்பட, ஆலைகள் பெருகின. படகு கரைசேர்ந்ததும் ஆலைச் சங்கு ஊதும். எந்த நேரமானாலும் பெண்கள் ஓடி வரவேண்டும். மூடியை ஈயத்தால் பற்றவைப்பது ஆண்களின் வேலை. மூடும் இயந்திரம் வந்தபோது அவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். இயந்திரம்தான் வென்றது: மூடியின் விளிம்பையும் டப்பாவின் விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து நசுக்கிவிடும், ஈயமே வேண்டாம்.

போர்ட்டோவை அடுத்த மத்தோசினியூஷில் 1920இல் தொடங்கிய பினியாய்ஷ் ஆலையில் இன்றும் பெரும்பாலும் கைவேலைதான். உப்புநீரில் போட்டெடுத்த மீனின் தலையையும் குடலையும் அகற்றி, கம்பித் தட்டுகளில் அடுக்கி ஆவியில் வேகவைக்கிறார்கள். என் கணக்கில் ருசியைத் தீர்மானிக்கும் கட்டம் இதுதான். பச்சையாகவே அடைத்தால் மீன் விடும் தண்ணீர் எண்ணெயோடு கலந்து சதை குழைந்துவிடும். வெந்து ஆறியதும் பெண்கள் கத்தரிக்கோலால் வாலை நறுக்கி, டப்பாவின் நீளத்துக்குக் கச்சிதமாக அடுக்குகிறார்கள். கார வகையில் காரட் வில்லை, வெள்ளரி ஊறுகாய், மிளகாய், பிரிஞ்சி வகை இலை, கிராம்பு, மிளகு சேரும். மிளகைத் தேடி இந்தியா வரை கப்பல் விட்டவர்களின் டப்பாவில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்!

வாங்கிய அன்றே திறக்க ரசிகர்களுக்கு மனம் வராது. மாதங்கள் போகப்போக எண்ணெய் சதைக்குள் இறங்கும், மீனின் கொழுப்பு எண்ணெயில் கலக்கும். இரண்டு பக்கமும் சமமாக ஊற, அவ்வப்போது டப்பாவைப் புரட்டி வைப்பவர்களும் உண்டு. லிஸ்பன் கடைகளில் பெரிதாக ஆண்டு அச்சிட்ட டப்பாக்களைப் பார்த்து, அவ்வளவு காலம் ஊறியதோ என்று மயங்க வேண்டாம். அது பிறந்த ஆண்டைப் பார்த்துப் பரிசளிக்க. உள்ளே இருப்பது அண்மையில் பிடித்த மீன், விலைதான் கூடுதல்.