விமானத்தில் ஓயாத அறிவிப்புகள்: எது விதிப்படி கட்டாயம், எது கம்பெனி விருப்பம்?

அதிகாலை ஐந்து மணி வாக்கில் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய விமானம் அது. பாதிப் பேர் முந்தின இரவு தூங்கியிருக்கவே மாட்டார்கள். கண்ணை மூடினால் மைக் எழுப்பிவிடும். வரவேற்பு, பெல்ட், சாண்ட்விச் விற்பனை, அடிக்கடி பறப்பவர்களுக்கான கம்பெனியின் புள்ளித் திட்டம், மறுபடி விற்பனை. டெல்லியில் இறங்குவதற்குள் 17 அறிவிப்புகள் வந்தன, எண்ணிக்கொண்டே வந்தேன். பாதுகாப்பைப் பற்றியவை ஆறுதான்.

என் பக்கத்து சீட்டில் துறையூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், ராணுவத்தில் இருக்கும் மகனைப் பார்க்க முதல் தடவை விமானம் ஏறியிருந்தார். வழியில் விமானம் குலுங்க ஆரம்பித்தது, மைக்கில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஏதோ சொன்னார்கள். அவர் முன்சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “தம்பி, என்ன சொல்றாங்க? எறங்கச் சொல்றாங்களா?” என்று கேட்டார். அவர் இடுப்பில் பெல்ட் இல்லை. அதற்கு முன்னால் வந்த பத்துப் பன்னிரண்டு அறிவிப்புகளும் புரியாத சத்தமாகப் போனதுபோலவே, அவருக்குத் தேவையான அந்த ஒன்றும் போய்விட்டது.

“ஏன் இத்தனை அறிவிப்பு?” என்று கேட்டால் “எல்லாம் ரூல்ஸ்” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அது பாதிதான் சரி.

உலக அளவில் இதற்கு அடிப்படை 1944-ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கை என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 6-ஆவது இணைப்பு. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. சீட் பெல்ட், அவசர வழிகள், தேவைப்படும் விமானங்களில் லைஃப் ஜாக்கெட்டும் ஆக்சிஜனும், சீட் பையில் இருக்கும் பாதுகாப்பு அட்டை ஆகியவை எங்கே இருக்கின்றன, எப்படிப் பயன்படுத்துவது என்று பயணிக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்கிறது அது. பறக்கும்போது ஆபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் பயணிகளுக்குச் சொல்லியாக வேண்டும். அவ்வளவுதான். சாண்ட்விச்சைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

இதை இன்னும் விவரமாக எழுதி வைத்திருப்பது அமெரிக்க விதி. அங்கே 121.571 என்ற பிரிவின்படி, ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் புகைபிடிக்கத் தடை, வெளியேறும் வழிகள், பெல்ட்டைப் போடுவதும் கழற்றுவதும், மிதவைச் சாதனம் இவற்றைச் சொல்லியே தீர வேண்டும். அவசரத்தில் இன்னொருவர் துணையில்லாமல் வெளியேற முடியாதவருக்குத் தனியாக விளக்க வேண்டும். அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணையும் நேரத்தில், “விளக்கு அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்வதும் சட்டப்படி கட்டாயம். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வாக்கியம்தான். ஆனால் இத்தனை அறிவிப்புகளில் உயிரைக் காப்பாற்றக்கூடிய வாக்கியம் அதுதான் என்பேன்.

2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மருக்கு மேலே 37,000 அடியில் திடீரெனத் தூக்கிப் போடப்பட்டது. பெல்ட் விளக்கைப் போட்டாயிற்று என்று விமானி ஒருவர் சொல்லிச் சுமார் 8 விநாடியில் விமானம் சரிந்தது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதி விழுந்தார்கள். பலர் படுகாயம் அடைந்தார்கள், 73 வயதுப் பயணி ஒருவர் இறந்துபோனார். 8 விநாடியில் விளக்கைப் பார்த்து, பெல்ட்டைத் தேடி எடுத்து மாட்ட யாரால் முடியும்? அதனால்தான் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறது விதி.

லைஃப் ஜாக்கெட்டுக்கு வரும் அந்த ஒற்றை வரியும் அப்படித்தான்: “விமானத்துக்குள் இருக்கும்போது காற்றடைக்காதீர்கள்.” 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவருகே கடலில் விழுந்தது. உள்ளேயே ஜாக்கெட்டில் காற்றடைத்துக்கொண்டவர்கள், தண்ணீர் ஏற ஏறக் கூரையோடு கூரையாக ஒட்டிக்கொண்டார்கள். கீழே முங்கிக் கதவுக்கு வர முடியவில்லை. அந்த விமானத்தில் இருந்த 175 பேரில் 125 பேர் இறந்தார்கள்.

சரி, அறிவிப்புக்குத் தடை விதிக்கும் விதி ஏதாவது இருக்கிறதா? ஒன்று இருக்கிறது, ஆனால் அது பயணிகளின் எரிச்சலைப் பார்த்து வந்ததல்ல. 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சார்லட் நகரில் தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. கடைசி நிமிடங்களில் விமானிகள் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்தது விசாரணையில் தெரிந்தது. 1981-இல் விதி வந்தது: தரையில் நகரும்போதும், புறப்படும்போதும், இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும் விமானிகள் தேவையற்ற எதையும் செய்யக் கூடாது. கம்பெனியைப் புகழும் அறிவிப்பும், “இடது பக்கம் பாருங்கள்” என்று ஊர் காட்டும் அறிவிப்பும் அந்தத் தடையில் பெயர் சொல்லியே இடம் பெற்றிருக்கின்றன. இந்தியா உட்படப் பல நாடுகளில் இதே நடைமுறை இருக்கிறது. 10,000 அடிக்கு மேலே போனதும் அமெரிக்க விமானங்களில் கிரெடிட் கார்டு விற்கும் பிரசங்கம் தொடங்குவதை அந்த விதி தடுக்காது. அது முழுக்கக் கம்பெனி விருப்பம்.

கட்டாயத்துக்கும் கம்பெனி விருப்பத்துக்கும் நடுவில், அரசு சொல்லி வரும் அறிவிப்புகள் உண்டு. புனே, ஸ்ரீநகர் போன்ற விமானப்படைத் தளங்களில் படம் எடுக்காதீர்கள் என்பது ஒன்று. கொரோனா காலத்து முகக்கவச அறிவிப்பு இன்னொன்று. 2022 நவம்பர் 16-இல் கட்டாயத்தை நீக்கியபோது, முகக்கவசம் அணிவது நல்லது என்று மட்டும் சொன்னால் போதும், அபராதத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொன்னது. ஆக, அறிவிப்பைக் குறைப்பதும் அரசால் முடிகிற காரியம்தான்.

மொழி விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முதலில் உள்ளூர் மொழி, அப்புறம் இந்தி, ஆங்கிலம் என்று 2018 டிசம்பரில் வந்த உத்தரவு விமான நிலைய அறிவிப்புகளுக்கானது. பறக்கும் விமானத்துக்குள் அது செல்லாது. துறையூர் அம்மாவுக்கு நடந்தது அதனால்தான். கம்பெனி விளம்பரத்தை இரண்டு மொழியில் சொல்லும் நேரத்தில் பெல்ட்டைப் பற்றி ஒரு வரி தமிழில் சொல்லியிருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் விமானத்தில் இதைக் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. சில விமானங்களில் தமிழ் தெரிந்த விமானிகளும் பணிப்பெண்களும் தாங்களாகவே தமிழில் பேசுகிறார்கள். கேட்கவே நிம்மதியாக இருக்கிறது.

மைக்கை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. 2024 ஜனவரி 2-இல் டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தீப்பிடித்தபோது உள்ளே அறிவிப்புக் கருவியே வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாபோனிலும் வெறும் குரலிலும் கத்தித்தான் 379 பேரையும் உயிரோடு வெளியேற்றினார்கள். ஆகவே ஏறி உட்கார்ந்ததும் அட்டையை எடுத்து ஒரு தடவை பாருங்கள். அருகிலுள்ள கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் மொழி தெரியாதவர் இருந்தால் நீங்களே பெல்ட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

விற்பனை அறிவிப்புத் தொல்லை என்றால் பணிப்பெண்ணிடம் சண்டை போட வேண்டாம், மைக்கில் என்ன படிப்பது என்று முடிவு செய்வது அவரல்ல. இந்தியாவில் 2017 முதல் இருக்கும் விதிப்படி, வாய்த்தகராறு கூட 3 மாதம்வரை பறக்கத் தடை வாங்கித் தரலாம். இறங்கிய பிறகு விமான எண், தேதி, எந்த நேரத்தில் என்ன அறிவிப்பு என்று குறித்து, முதலில் கம்பெனியின் புகார் அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலோ செயலியிலோ பதியலாம். “பாதுகாப்பு அறிவிப்பு தமிழிலும் வேண்டும்” என்பதையும் அதே புகாரில் இன்னொரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். நான் அன்று டெல்லியில் பெட்டிக்காகக் காத்திருந்தபோதே எழுதி அனுப்பினேன்.